பெஞ்சில் உட்கார்ந்த வாயாடி

என் தம்பியைக் கொன்றே போட்டிருப்பேன். கூடப் பிறந்து தொலைத்துவிட்டானே!

இறுதி ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உடை மாற்றும் அறையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னிக்கு வாயாடியை உக்கார வை" என்றான். அவன் கணக்கு வாத்தியார். எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான் கோச், புள்ளிவிவரம் அவன் பொறுப்பு. வாயாடி என் மகள்.

"சீசன் முழுக்கப் பந்தைப் பறிச்சது மூணே தடவை. ஷாட்டைத் தடுத்தது பூஜ்யம். நம்ம டீம் நெட்டச்சி, அந்தக் கொக்கைப் பாரு, ரெண்டுலயும் அவதான் முதல். இவ ஏன் ஆடறா? கோச் பொண்ணுங்கறதாலதான்னு காலேஜே பேசுதுக்கா."

சுருக்கென்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடிக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். முதலில் இறங்கும் ஐந்து பேரிலிருந்து மகளை எடுத்துவிட்டேன்.

ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சரி மேடம். ஆட்டம் முடிஞ்சதும் டீம் பனியனைக் கழட்டிக் கையில குடுத்துடறேன். உங்க டீமும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்."

மைதானத்தில் நான் அவளுக்கு மேடம்தான். சொன்னால் செய்கிற ஜென்மம், என் வயிற்றில் பிறந்ததாயிற்றே! ஆனாலும் வீம்பு விடவில்லை.

முதல் பாதியில் தம்பி சொன்னதுதான் நடந்தது. கொக்கு தடுத்துத் தள்ளினாள். எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்து மகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தாள். "கொக்கு, இடது பக்கம்! பின்னாடி வர்றா பாரு! இப்ப திரும்பு!"

"வாயை மூடுடி, காது போகுது" என்றேன். அவள் கேட்டால்தானே!

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? இவ இல்லாமதான் டிஃபென்ஸ் நல்லாருக்கு."

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். அதுவரை எங்கள் பெஞ்சுக்கு அருகில் இருந்த, நாங்கள் காக்க வேண்டிய கூடை இப்போது அரங்கின் மறுகோடிக்குப் போய்விட்டது. ஆடியது அதே ஐந்து பேர்தான். ஆனால் கொக்கு தன் ஆளைத் துரத்தி ஓடுவாள். பின்னாலிருந்து எதிரணியில் இன்னொருத்தி வந்து வழிமறித்து நிற்பாள். கொக்கு அவள்மேல் போய் முட்டிக்கொண்டு விழிப்பதற்குள் பந்து கூடைக்குள் இறங்கிவிடும். திரும்பத் திரும்ப இதேதான். எட்டுப் புள்ளியும் போய்ப் பின்தங்கினோம்.

"என்னடா ஆச்சு?"

"நம்பர்படி இது நடக்கக் கூடாதுக்கா."

"நடக்குதேடா! உன் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

டைம் அவுட் கேட்டேன். மூச்சு வாங்க ஓடிவந்த கொக்கு என் மகளைக் காட்டி, "மேடம், பின்னாடி யாரு வர்றான்னே தெரியல. இவ சொல்றது அங்க வரைக்கும் கேக்கல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொக்கின் பெயரில் ஏறிய தடுப்புகளில் பாதி இந்தத் தொண்டையிலிருந்து வந்தவை. ஆடும்போதும் கத்தியிருக்கிறாள், பெஞ்சிலும் கத்தியிருக்கிறாள். வீட்டில் விடிந்தால் அடைந்தால் கேட்கிற குரல், அதனால் எனக்கு அது வெறும் இரைச்சலாகிவிட்டது.

"நீ இறங்குடி."

"இப்ப நான் கோச் பொண்ணு இல்லையா?" என்றாள். அதற்குள்ளேயே குரல் கம்மிப் போயிருந்தது. ஆனாலும் இறங்கினாள்.

தட்டுத் தடுமாறி மீண்டோம். கடைசி விநாடிகளில் ஒரே ஒரு புள்ளி முன்னால்; பந்து அவர்கள் கையில். கொக்கின் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி வந்து நிற்பது எனக்குத் தெரிகிறது. மகள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தேன். மறுபடி திறந்தாள்.

"வலது!"

தகரத்தைக் கீறின மாதிரி ஒரு குரல். கொக்கு திரும்பிக்கூடப் பார்க்காமல் வலது பக்கம் நகர்ந்து கையை உயர்த்தினாள். பந்து அவள் விரலில் பட்டுப் பார்வையாளர்கள் நடுவே போய் விழுந்தது. மணி அடித்தது.

"தடுப்பு, கொக்கு, ஒண்ணு" என்று தட்டிய தம்பி நிறுத்தினான். "அக்கா, இவளுக்கு என்ன போட?"

"உன் தலையைப் போடு!"

எல்லோரும் கொக்கைத் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மகள் நேராக என்னிடம் வந்தாள். மேலே ஒரு டி-ஷர்ட் மாட்டியிருந்தாள். சுருட்டிய ஈரப் பனியனை என் கையில் வைத்தாள்.

"மாமா நம்பர் சொன்னா நம்பறே. வருஷம் முழுக்க நான் கத்தினது உன் காதுல விழலையாம்மா?"

பாதி காற்றாகத்தான் வந்தது. மைதானத்தில் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

"தப்பு என்னோடதுடி" என்று முணுமுணுத்தேன்.

காதருகே கையைக் குவித்தாள். "கேக்கல. சத்தமாச் சொல்லு."

அரங்கு நிறைய ஆட்கள். நிர்வாகத்தார் வேறு முன்வரிசையில். மானம் போனால் போகட்டும்.

"தப்பு என்னோடது! உன்னை உக்கார வச்சது என் தப்பு!"

மறுகோடியிலிருந்து கொக்கு திரும்பிப் பார்த்தாள். மகள் என் கையிலிருந்த பனியனைப் பிடுங்கித் தலைவழியே மாட்டிக்கொண்டாள்.