வியாழக்கிழமை வைத்தியம்

மோட்டார் கருகும்போது முதலில் புகை வராது, வாசனைதான் வரும். அந்த வாசனை என் மூக்கில் ஏறியபோது மணி நாலரை. பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வக்கீல் செய்திருந்த பாரந்தூக்கியை என் முன்னால் இழுத்துவைத்து, மேசையோடு இருக்கும் மின்சாரப் பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்களை அதில் மாட்டியிருந்தேன். நூல் சக்கரத்தில் சிக்கி நின்றதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். பெட்டியின் முள் மூன்றில் இருக்கவேண்டியது, பன்னிரண்டில் நின்றது. முந்தி யாரோ வைத்துவிட்டுப் போனது. மாட்டுவதற்கு முன்னால் வோல்ட்டைப் பார் என்று நாலு நாளாகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான்.

வக்கீல் என்பது நாங்கள் வைத்த பெயர். பத்து வயது. ஒன்று சொன்னால் ஒன்பது சட்டம் பேசுவான். "நீங்க திங்கக்கிழமை வேற மாதிரி சொன்னீங்க மிஸ்" என்று நாளும் கிழமையும் வைத்துத்தான் வாதாடுவான். அவன் அப்பா அதற்கும் மேலே.

எங்களுடையது சமுதாயக் கல்லூரி. வருடம் முழுக்க, வேலை முடித்துக் களைத்து வந்த பெரியவர்கள் கொட்டாவி விட்டபடி உட்காரும் அதே ஆய்வகத்தில், கோடையில் ஐந்து வாரம் பிள்ளைகள் உட்காருவார்கள். உயரமான முக்காலிகளில் இருபது ஜோடிக் கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடும். மாடியில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கணினி முகாம், பக்கத்துக் கட்டடத்தில் கதை எழுதும் முகாம். எனக்குச் சின்னவர்களின் மின்சார முகாம். வாரத்துக்கு ஒரு கூட்டம், திங்கள் தொடங்கி வெள்ளி முடியும். வெள்ளிக்கிழமை காலை பெற்றோர் வருவார்கள், பிள்ளைகள் செய்ததைப் பார்ப்பார்கள், கருத்துப் படிவம் நிரப்புவார்கள். அதில் ஒரு கேள்வி: உங்கள் பிள்ளையின் படைப்பு வேலை செய்ததா?

அந்தக் கேள்வியால் பிறந்ததுதான் வியாழக்கிழமை வைத்தியம். கால அட்டவணையில் அது கிடையாது. வியாழன் சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு நாங்கள் மேசை மேசையாகப் போவோம். விட்டுப்போன ஒயரை ஒட்டுவோம், திருப்பி மாட்டிய பேட்டரியைத் திருப்புவோம். வெள்ளிக்கிழமை எல்லாம் சுற்றும், எல்லாம் எரியும். பிள்ளைகள் தாங்களே செய்ததாக நம்புவார்கள், பெற்றோர் நம்புவதாகக் காட்டிக்கொள்வார்கள். போன வருடம் என்னோடு இருந்தவர் இதெல்லாம் ஏமாற்று வேலை என்று ஒரு மேசையைத் தொடாமல் விட்டார். ஒரே ஒரு காற்றாடி சுற்றவில்லை. படிவத்தில் அரைப் பக்கம் எழுதினார்கள். இந்த வருடம் அவர் இல்லை. நான் இருக்கிறேன்.

கருகிய மோட்டாரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். உபரி மோட்டார் டப்பா காலி. புதன்கிழமையே காலியானது எனக்கே தெரியும், இருந்தாலும் இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தேன். கேட்டால் அடுத்த வாரம்தான் வரும். அப்போதுதான் கடைசி மேசையில் என் மகளின் லிஃப்டைப் பார்த்தேன்.

முகாமில் என் மகளும் ஒருத்தி. பதினொரு வயது. ஊழியர்களின் பிள்ளை ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன், இங்கே நான் உனக்கு மிஸ், அம்மா இல்லை என்று. அவளும் ஒரு வார்த்தை கேட்காமல் நாலு நாளில் அதைக் கட்டி முடித்தாள். செருப்புப் பெட்டிகளை அடுக்கி நாலு மாடி. நூல்கண்டில் சுற்றி ஏறி இறங்கும் ஒரு சின்ன அறை. அதற்குள்ளே நீலச் சட்டையும் கையில் கருவிப் பையுமாக ஒரு காகித மனிதர். அவள் அப்பா. அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. நான் வைத்தியம் பார்க்கத் தேவையே இல்லாமல் அந்த அறையில் ஓடிய ஒரே பொருள் அது. தன் மோட்டார் மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாதென்று சித்தியின் நகப்பூச்சை எடுத்துவந்து அதன்மேல் ஒரு ஊதாப் புள்ளி வைத்திருந்தாள். முகாமில் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே மாதிரி மோட்டார்தான்.

நம்ம பிள்ளைதானே என்று நினைத்தேன். சொன்னால் புரிந்துகொள்வாள். வெளிப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளுடையதைக் கழற்றி வக்கீலின் பாரந்தூக்கியில் பொருத்தினேன், கருகியதை லிஃப்டில் பொருத்தினேன். பாரந்தூக்கியில் பொருத்தும்போது ஊதாப் புள்ளி அடிப்பக்கம் போகிற மாதிரித் திருப்பி வைத்திருந்தேன். என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நூலகத்தில் காத்திருந்த மகள் அஞ்சு மணிக்குப் பையோடு வந்தாள். கிட்டே வந்து மூக்கைச் சுளித்தாள்.

"உன் மேல என்னமோ கருகின வாசனை வருதும்மா."

"பழைய ஒயர். நட, போலாம்."

வழியில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பேருந்தில் கூட்டம். வீட்டில் சொல்லலாம் என்றால் அவள் அப்பா முன்னால் நின்று ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். "முதல்ல கதவு மூடும். அப்புறம் நீங்க மேல போவீங்க. நீங்கதான் உள்ள இருக்கிறது." அவர் கைகட்டி நின்று, "ஆளுக்கு எடை எவ்வளவு? கயிறு தாங்குமா?" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டார். மறுநாள் காலை வேலையிலிருந்து இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். வீட்டில் ஓடாத பழைய பொம்மைக் கார் ஒன்று கிடக்கிறது, அதற்குள்ளும் ஒரு மோட்டார் இருக்கிறது என்பது மறுநாள் எல்லாம் முடிந்தபிறகுதான் என் மரமண்டைக்கு ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஆய்வகம் நிறைந்துவிட்டது. மணிகள் அடித்தன, விளக்குகள் எரிந்தன. வக்கீல் பாரந்தூக்கியால் ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டி விளக்கவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தான். அவன் அப்பா கைபேசியில் படம் பிடித்தார்.

என் மகள் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பிறகு பெட்டியை மெதுவாகப் பின்பக்கம் திருப்பி மோட்டாரைப் பார்த்தாள். குனிந்து அடியிலும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நிமிர்ந்து ஒவ்வொரு மேசையாகக் கண்ணை ஓட்டினாள். அந்த நேரம் பார்த்தா வக்கீல் பாரந்தூக்கியைக் கவிழ்த்து அப்பாவுக்கு அடிப்பாகத்தைக் காட்டவேண்டும்? ஊதாப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. என் மகள் அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அவள் அப்பா வந்துவிட்டார், நீலச் சட்டையோடு. முட்டி போட்டு உட்கார்ந்து, "என்னடா, நான் உள்ள மாட்டிக்கிட்டேனா?" என்று கேட்டபடியே பெட்டியைத் திருப்பினார். மோட்டாரை விரலால் சுற்றிப் பார்த்து மூக்கருகே கொண்டுபோனார். தொழில் அவருக்கு அதுதானே.

"கருகியிருக்கு. அதிக வோல்ட் குடுத்திருக்காங்க. யாரு?"

முகாமின் ஒருங்கிணைப்பாளர் அம்மா படிவக் கட்டோடு எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரும் குனிந்து பார்த்தார். நான் சொல்லவேண்டியது நான்தான் என்ற ஒரு சொல், அவ்வளவுதான்.

"நான்தான்பா" என்றாள் மகள். "பெரிய பேட்டரி மாட்டினா வேகமாப் போகும்னு மாட்டிப் பார்த்தேன்."

"மாட்டுறதுக்கு முன்னாடி வோல்ட்டைப் பாக்கணும்னு அம்மா சொல்லித் தரலையா?"

"சொன்னாங்க. நான்தான் பாக்கல."

"இவ்வளவு அழகாக் கட்டிட்டு, கடைசில அவசரப்பட்டுட்டியே" என்றார். அவருக்கு ஏமாற்றம். அதை மறைக்க அவள் தலையைத் தடவினார். அவள் தலை குனிந்துகொண்டாள். ஒருங்கிணைப்பாளர் அம்மா சிரித்து, "தப்பு பண்ணித்தான் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அப்போதாவது அவர் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். நான் படிவங்களைச் சேகரிக்கப் போனேன். வக்கீலின் அப்பா ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

திரும்பி வந்தபோது மகள் பெட்டிக்குப் பின்னால் நின்று நூலைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவரின் சின்னத் தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டைக்காரர் ஒவ்வொரு மாடியாக ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் அவள் "டிங்" என்றாள்.

பேருந்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. லிஃப்டை மடியில் வைத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, அம்மா தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"அடுத்த வருஷமும் உன்னைக் கூப்பிடுவாங்கல்ல?"

கூப்பிடுவார்கள் என்றேன். சரி என்றாள். என் வேலையைக் காப்பாற்ற என்னைவிட அதிகமாக அவள் கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அவளைத் திட்டினேனே" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவர் பொம்மைக் காரைப் பிரித்து மோட்டாரை எடுத்தார். ஒயரை அவளே ஒட்டினாள், அவர் விளக்கு பிடித்தார். லிஃப்ட் ஓடியது. நாலாவது மாடிவரை போய் நின்றது, இறங்கியது. அவர் கைதட்டினார். நானும் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்று தட்டினேன். அவள் சிரிக்கத்தான் செய்தாள்.

பிறகு மோட்டாரை மறுபடி கழற்றினாள். உள்ளே போய் நகப்பூச்சுக் குப்பியை எடுத்துவந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்தாள். ஊதினாள், காயும்வரை காத்திருந்தாள். மோட்டாரைத் திருப்பி அடிப்பக்கம் ஒன்று வைத்தாள். அப்புறம் இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால், பின்னால். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் தெரிகிற மாதிரி.