முகம் தெரிய ஒரு படம்

பேச்சியம்மா தன் முன்பல்லை ஓர் உரப்பையிடம் பறிகொடுத்தாள். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்; ஆனால் நடந்தது அதுதான். யூரியாப் பையின் வாய்த்தையலைப் பிரிக்கக் கத்தி தேடப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் வரவில்லை, பல் வந்தது. பக்கத்துப் பல்லும் ஆடத் தொடங்கவே, மன்னார் ஆசுபத்திரியில் அதையும் பிடுங்கிவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து வந்தால் பல்லுக் கட்டலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

பல் போனதுகூடப் பெரிதில்லை. "பையைப் பல்லால இழுக்காதேங்கோ அம்மா" என்று பத்து வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவள் மகள் ஜெயந்தினி. அவள் இப்போது ஜோர்தானில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறாள். அவளிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வது?

"பல்லுக் கட்டுற வரைக்கும் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. சொன்னீங்களெண்டால் பிறகு என்னோட கதைக்காதேங்கோ" என்று கணவர் நல்லையாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மகள் வீடியோ கோல் எடுத்தால் "கவரேஜ் இல்லை" என்று வெட்டிவிட்டு, குரலில் மட்டும் பேசினாள். முன்பல் இரண்டு இல்லாத வாயிலிருந்து வார்த்தைகள் காற்றோடு வழுக்கிக்கொண்டு வந்தன. அது அவள் காதுக்குத் தெரியவில்லை. கடல் கடந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஜெயந்தினி தகப்பனோடு தனியாகப் பேசினாள்.

"அப்பா, அம்மாவின்ர கதை குழறுது. வாதம் ஏதும் வந்து வாய் கோணிப் போச்சோ? மறைக்காதேங்கோ. முகம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள வராட்டில், சனிக்கிழமை காலமை வேலையை விடுறனெண்டு கந்தோரில எழுதிக் குடுத்திட்டு வெளிக்கிட்டு வந்திடுவன்."

நல்லையா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். மகளின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. முழுக் காலமும் நின்றவர்களுக்கு ஆலை ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதைக் கொண்டுவந்தால் வவுனியாப் பக்கம் மேற்பார்வையாளர் வேலையில் சேரலாம் என்பது பிள்ளையின் கனவு. இடையில் விட்டுவிட்டு வந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதுவும் எதற்காக? ஒரு யூரியாப் பைக்காக. ஒரு படம் எடுப்பது என்ன பெரிய வேலையா, எடுத்து அனுப்பிவிட்டால் போயிற்று என்று நினைத்தார். பாவம், மனிதர்.

நல்லையாவுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று சொல்வது சரியில்லை. அவருக்கு ஒரே ஒரு மாதிரிப் படம்தான் தெரியும். மலையகத்திலிருந்து சிறுவயதில் வந்து பாப்பாமோட்டையில் வேரூன்றிய குடும்பம். கலியாணப் படம் போர்க்கால இடம்பெயர்வில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்களை யாராவது படம் எடுத்தார்கள் என்றால், அது வீட்டுத்திட்டக்காரர்கள்தான். அத்திவாரம் போட்டதும் ஒரு படம், சுவர் எழும்பியதும் ஒரு படம், கூரை போட்டதும் ஒரு படம். பிறகு ஆடு கொடுத்தபோது ஆட்டோடு, தண்ணீர்த்தாங்கி கொடுத்தபோது தாங்கியோடு. ஒவ்வொரு முறையும் ஓர் உத்தியோகத்தர் நெஞ்சுக்கு முன்னால் பயனாளி இலக்கப் பலகையைப் பிடிக்கச் சொல்லி, தூரத்துக்குப் போய் நின்று கத்துவார்: "வீடு முழுக்கப் படத்தில விழவேணும். அசையாதேங்கோ. சிரிக்காதேங்கோ, மேலிடத்தில பாக்கிறவை!" அந்த வீட்டில் இருந்த படங்கள் அவ்வளவுதான்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பின்னேரம் நல்லையா முறைப்படி தொடங்கினார். பேச்சியம்மாவை வீட்டு வாசலுக்கு நேரே நிறுத்தினார். அவள் பூப்போட்ட சேலை கட்டி, இரண்டு கால்களையும் சேர்த்து, ஒரு சுளகை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுளகு என்னத்துக்கு?"

"கையில ஒண்டும் பிடிக்காமல் எப்பிடி நிக்கிறது?"

நியாயமான கேள்வியாகத்தான் அவருக்கும் பட்டது. போனைப் பிடித்தபடி பின்னால் நடந்து நடந்து வேலியில் முதுகு முட்டும்வரை போனார். கூரை முகடு, தண்ணீர்த்தாங்கி, ஆட்டுக்கொட்டில் எல்லாம் படத்துக்குள் விழுந்தன. வீட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அமத்தினார், அனுப்பினார், நிம்மதியாகத் தேநீர் குடித்தார்.

பதில் உடனே வந்தது. "ஏன் அம்மா இருட்டில நிக்கிறா? முகம் கரிக்கட்டையா இருக்கு. அப்பா, எதை மறைக்கிறீங்கள்?"

புதன்கிழமை காலையில் தவறைத் திருத்தப் போனார். முகம் இருட்டாக இருந்தால் வெயிலைப் பார்த்து நிறுத்தினால் சரிதானே. நிறுத்தினார். வேலியோரம் நின்றபடியே இரண்டு விரலால் திரையை இழுத்து அவளைப் பெருப்பித்தார். மன்னார் வெயில் மூஞ்சியில் அறைந்தால் யாருக்குக் கண் திறக்கும்? பேச்சியம்மா கண்ணை இறுக்கி, பல் தெரியாதபடி உதட்டை ஒரு பக்கமாக மடித்து வைத்திருந்தாள். அமத்தும்போது அவருடைய கையும் ஆடியது. படத்தில் புள்ளி புள்ளியாகக் கலைந்த ஒரு முகமும், ஒரு பக்கம் இழுத்த ஒரு வாயும் இருந்தன.

அதை அனுப்பியிருக்கக் கூடாது. அனுப்பினார். இந்த முறை எழுத்து வரவில்லை, அழுகைக் குரல் வந்தது. "எனக்குத் தெரியும் அப்பா. வாய் இழுத்துத்தான் போச்சு. நான் வாறன்."

வியாழக்கிழமை அவர் வயல் வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறிப் பாலம் கடந்து மன்னார் டவுனுக்குப் போனார். அங்கே தாராபுரத்து அஸ்மி ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருந்தாள். அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் ஊரில் பாதிப்பேரின் முகத்தைப் பார்த்தவள். வாயும் கொஞ்சம் நீளம். அவர் நீட்டிய போனை வாங்கி இரண்டு படங்களையும் பார்த்தாள்.

"வீடு நல்லாத்தான் இருக்கு ஐயா. விக்கப் போறீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி, இது என்ர மனிசியின்ர படம்."

"மனிசி எங்க? ஓ, உந்தத் தூணுக்குப் பக்கத்தில நிக்கிறதோ!"

நல்லையா கதையை முழுக்கச் சொன்னார். யூரியாப் பை வந்த இடத்தில் அவள் சிரித்தாள், பிள்ளையின் அழுகை வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். போனைத் திருப்பிக் கமராக் கண்ணைப் பார்த்தாள். வயல் தூசியும் தேங்காயெண்ணெய் விரலடையாளமும் பாசி போல அப்பிக் கிடந்தன. முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"முதல்ல இதைத் துடையுங்கோ. வெயிலுக்கு முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம். நல்ல நிழல் மரத்துக்குக் கீழ இருத்துங்கோ, வெளிச்சம் மெதுவா முகத்தில விழும். திரையில அவவின்ர முகத்தில ஒருக்காத் தொட்டிட்டு அமத்துங்கோ. முழங்கையை விலாவோட ஒட்டி, மூச்சைப் பிடிச்சால் கை ஆடாது. விரலால இழுத்துப் பெருப்பிக்கிறதை விடுங்கோ. கால் இருக்குத்தானே? கிட்டப் போங்கோ."

"எவ்வளவு கிட்ட?"

"வீடு தெரியாத அளவுக்கு."

நல்லையா தயங்கினார். வீடு தெரியாவிட்டால் அது எங்கே எடுத்தது என்று எப்படித் தெரியும்?

"உங்கட மகள் வீட்டையா கேட்டவ?" என்றாள் அஸ்மி. "அதோட, நில், பார் எண்டு அதட்டாதேங்கோ. ஏதாவது வேலையைக் குடுத்துக் கதையைக் குடுங்கோ. கதைக்கேக்க விடாமல் அமத்திக்கொண்டே இருங்கோ. அம்பதில ஒண்டு சரிவரும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேப்பமரத்தடியில் கதிரை போட்டு, மடியில் முருங்கைக்கீரையோடு பேச்சியம்மாவை இருத்தினார். சட்டை நுனியால் கமராவைத் துடைத்தார். எதிரே ஒரு வாங்குப் பலகையில் குந்திக்கொண்டு, முழங்கையை ஒட்டி, போனைத் தூக்கினார்.

திரை முழுக்க அவள் முகம்.

முப்பத்தைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தவர். விடியமுன் வயலுக்குப் போய்ப் பொழுதுபட்டு வருகிற மனிதருக்கு, பகல் வெளிச்சத்தில் இவ்வளவு கிட்ட இருந்து மனைவியைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு காரணமும் கிடைத்ததில்லை. புருவத்தில் ஒரு நரை. மூக்கின் பக்கத்தில் ஒரு சிறிய மச்சம். அது எப்போதும் அங்கேதான் இருந்ததா? வடிவாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தார். நினைத்ததும் வெட்கம் வந்தது, அந்த வயதில்.

"என்ன இப்பிடி உத்துப் பாக்கிறீங்கள்?"

"படம் எடுக்கிறன்."

முதல் படத்தில் அவருடைய விரல் பாதியை மறைத்தது. அடுத்ததில் அவள் கண் மூடியிருந்தது. பிறகு எடுத்த பத்திலும் கண் திறந்திருந்தது, ஆனால் உதடு பூட்டுப் போட்ட மாதிரி. இதை அனுப்பினால் பிள்ளை இன்றைக்கே வெளிக்கிடுவாள். கதை கொடு என்று அஸ்மி சொன்னது ஞாபகம் வந்தது. என்ன கதை? வாயில் வந்ததைச் சொன்னார்.

"இண்டைக்கு வயலைப் பாத்தனான். நீ எறிஞ்ச யூரியாவோட உன்ர பல்லும் போயிருக்கு. வரம்போரம் ஒரு பல்லு முளைச்சு, ரெண்டு இலையும் விட்டிருக்கு."

பேச்சியம்மா ஒரு கணம் முறைத்தாள். பிறகு அடக்கமுடியாமல் வெடித்துச் சிரித்தாள். கீரை மடியிலிருந்து சரிந்தது. கையால் வாயைப் பொத்தவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. அவர் விடாமல் அமத்தினார்.

அதில் ஒன்று சரிவந்தது. கண் இரண்டும் தெளிவாக, கன்னம் மேலே ஏறி, நடுவில் இரண்டு பல் அகலத்துக்கு ஓட்டை தெரிய, அவள் முழுசாக இருந்தாள்.

சொன்ன சொல்லை மீற அவருக்கு மனம் வரவில்லை. மகள் வாதமென்று நினைத்து அழுததைச் சொல்லி, போனை அவளிடமே நீட்டினார். பேச்சியம்மா கனநேரம் பார்த்தாள். தன் சிரிப்பை அவள் இதற்குமுன் படத்தில் பார்த்ததேயில்லை.

"அனுப்புங்கோ" என்றாள். "வாதமெண்டு நினைச்சு அழுறதுக்கு, பல்லில்லையெண்டு ஏசட்டும்."

ஏச்சு வந்தது. முதலில் சிரிப்பு, பிறகு அழுகை, பிறகு இரண்டு நிமிட நீளத்துக்கு ஏச்சு. கடைசியில், "அம்மா சுகமா இருந்தால் எனக்கு அதுவே காணும். ஏழு மாசத்தையும் முடிச்சிட்டே வாறன்" என்றாள் ஜெயந்தினி.

நல்லையா எதிர்பார்த்தது அதுதான். மனம் குளிர்ந்துபோய், மகள் இதுவரை அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்த்தார். ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட படங்கள். மூன்று மாடி ஆலை. பெயர்ப்பலகை. பேரீச்சமரம். கட்டடம் முழுக்க விழுந்திருந்தது. அதன் அடியில், கால்களைச் சேர்த்து, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நெல்மணி அளவில் ஜெயந்தினி. ஒன்றிலும் அவள் முகம் தெரியவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடத்துக்கு மேல் பிள்ளையைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். வீடியோ கோலில்கூட அவள் எப்போதும் கமராவை அம்மாவின் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, தான் அரை இருட்டில்தான் இருந்தாள்.

குரல் பொத்தானை அமத்தினார். "பிள்ளை, நீ ஒரு படம் அனுப்பு. கட்டடம் வேண்டாம். கிட்ட வந்து எடு."

நீண்ட நேரம் கழித்து வந்தது. மிகக் கிட்ட எடுத்த படம். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கன்னம் உள்ளே போயிருந்தது. இருபத்தாறு வயதுப் பிள்ளை, சிரிக்கத்தான் முயன்றிருந்தாள். பேச்சியம்மா போனை வாங்கி, திரையில் அந்தக் கன்னத்தைத் தடவினாள். தடவியதில் படம் ஒதுங்கி ஒதுங்கிப் போனது.

நல்லையா மறுபடி குரல் பொத்தானை அமத்தினார். சான்றிதழ், வவுனியா, ஏழு மாதம் எல்லாம் மனதில் வந்தன, நிற்கவில்லை.

"ஜெயந்தினி, அப்பா சொல்லுறன். முடிச்சிட்டு வா எண்டு நான் நினைச்சது பிழை. உனக்கு ஏலாதெண்டால் நாளைக்கே எழுதிக் குடுத்திட்டு வா, பிள்ளை. எங்களுக்கு நீ போதும்."

இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு மரத்தடியில் இருந்தார்கள். பிறகு அவளுடைய குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது.

"எழுதிக் குடுக்கிறன் அப்பா. அம்மாவை மட்டும் அவசரப்பட்டுப் பல்லுக் கட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் வந்து அந்தச் சிரிப்பைக் கிட்ட நிண்டு ஒருக்காப் பாக்கோணும்."