திரைச்சீலைக்கு ஒரு பொட்டு

குற்றாலலிங்கம் பிள்ளையின் விசிட்டிங் கார்டில் ‘ஜமீன் வழித்தோன்றல்’ என்று தங்க எழுத்தில் இருக்கும். எந்த ஜமீன் என்று கேட்டவர்களுக்கு அவர் வீட்டில் காபி கிடையாது. தாத்தாவின் நூற்றாண்டு விழாவுக்காக, கூடத்தில் கரியேறித் தொங்கிய அவருடைய எண்ணெய் ஓவியத்தைத் துடைக்க மெட்ராஸில் பயின்ற சித்ரலேகாவைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்தார். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. ஏரல் என்று அவளும் சொல்லவில்லை.

தாத்தாவின் மூத்த மனைவி பிச்சம்மாள் அவளுக்குக் கொள்ளுப்பாட்டி. “அவ முகம் அந்தப் படத்துலதான் இருக்கு” என்பார்கள் ஏரலில். படத்திலோ தாத்தா, நாற்காலி, சிவப்புத் திரைச்சீலை. அந்த முகத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்றுதான் வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளையின் மனைவி ஆறுமுகத்தாய் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். தாத்தாவின் நெற்றியில் ஒரு பொட்டு. திரைச்சீலையில் ஒரு பொட்டு.

“துணிக்கு எதுக்கும்மா?”

“அவுக ஆச்சி வச்சாளாம், மாமியா வச்சா, நானும் வைக்கேன்.”

உள்ளேயிருந்து பிள்ளை குரல் கொடுத்தார்: “ஒரு வழக்கமும் இந்த வீட்டுல தவறுனதில்ல, கேட்டியா!”

சித்ரலேகா அந்தச் சந்தனத் தடத்திலேயே மருந்துப் பஞ்சை வைத்துப் பைய உருட்டினாள். சிவப்பு கரைந்தது. மூக்குத்தி வந்தது. பிறகு கண்.

பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்தார். “இளையவளா வந்த எங்க ஆச்சி சண்டைபோட்டு மறைக்க வச்ச மூத்தவல்லா இது! திரையத் திரும்பப் போடும்மா. நாளைக்கு விழாவுக்கு ஜட்ஜு வாராரு.”

“துடைக்கத்தான கூப்பிட்டீங்க? மூட மாட்டேன்.”

ஆறுமுகத்தாய் படத்து முகத்தையும் சித்ரலேகாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். “மறைச்சவளே பயந்துபோயிப் பொட்டும் வச்சிருக்கா” என்றாள்.

விழாவன்று ஆளுயர ரோஜா மாலை பிச்சம்மாளை மூடியிருந்தது. கதாநாயகரான தாத்தாவுக்கு ஒரு தோளில் மட்டும் நாலு இதழ்.

விளக்கேற்றியதும் ஆறுமுகத்தாய் தாத்தாவுக்குப் பொட்டு வைத்தாள். பிறகு மாலையைத் தொட்டாள்.

“வேண்டாம்டி” என்று பல்லைக் கடித்தார் பிள்ளை.

“வழக்கம்லா?” மாலையைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு, சரியான நெற்றியில் பொட்டு வைத்தாள்.

ஜட்ஜு முன்னால் சாய்ந்தார். “இந்த அம்மா யாரு?”

ஆறுமுகத்தாய் சித்ரலேகாவிடம் திரும்பி, “சொல்லுட்டி” என்றாள்.

“ஏரல் பிச்சம்மாள். மூத்த மனைவி. எனக்குக் கொள்ளுப்பாட்டி.”

பிள்ளை மாலையோடு மைக்குக்குப் பாய்ந்தார். “ஏரல் ஜமீன், பிச்சம்மாள் நாச்சியார் அவர்கள்…”

சித்ரலேகா பக்கத்தில் போய் நின்றாள். “ஜமீன் இல்ல ஐயா. வெத்தலைக் கொடிக்கால்.”

மைக்கில் அது தெருமுனை வரை கேட்டது.