பதினோரு நீல சைக்கிள்கள்

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் தேவகி லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். மிதிவண்டிச் சங்கத்தில் கூட வேலை செய்யும் ஜோசுவா ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தான். திருப்பிக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாதனூர் முத்துமாரி விழுந்துட்டா. காலைல கம்பெனி பஸ்ஸுக்குப் போறப்ப, ஏரிக்கரை இறக்கத்துல. வலது மணிக்கட்டு ஒடஞ்சிருக்கு. நம்ம சைக்கிள்தான். பிரேக் பிடிக்கலையாம்."

"நாம எங்க குடுத்தோம்? சைக்கிள் குடுக்கற விழா வர்ற ஞாயித்துக்கிழமைதான?"

"தலைவர் வெள்ளிக்கிழமையே விழா வெச்சுக் குடுத்துட்டாராம். நேத்து ஞாயித்துக்கிழமை ஷெட்டு திறக்கலையே, எனக்கே இப்பதான் தெரியும்."

தேவகி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மிதிவண்டிச் சங்கத்தின் ஷெட்டில் தன்னார்வலர்களுக்குத் தலைவி. வேண்டாமென்று போட்ட பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து, பஸ் பிடிக்க மெயின் ரோடு வரை நடக்கிற பெண்களுக்கு இலவசமாகக் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை. அவள் கூப்பிட்டால் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவள் வைத்த சட்டம் ஒன்றுதான்: பிரேக்கைச் சோதித்து அவள் கையெழுத்துப் போட்ட அட்டை ஹேண்டில்பாரில் தொங்காமல் எந்த சைக்கிளும் ஷெட்டைத் தாண்டக்கூடாது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். முத்துமாரியும் தையல்காரிதான். கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அட்டை இருந்துச்சேக்கா. உங்க கையெழுத்து. அதப் பாத்துட்டுதான் ஏறினேன்."

தேவகிக்கு அது எந்த அட்டை என்று தெரிந்தது. போன மாதம் இரண்டு ஞாயிறு ஓவர்டைம். ஷெட்டுக்குப் போக முடியாது. வேலை நிற்கக் கூடாதே என்று ஒரு கட்டு வெற்று அட்டையில் கையெழுத்துப் போட்டு மேஜை டிராயரில் வைத்திருந்தாள். மிச்சத்தைக் கிழித்துப் போடவில்லை.

அங்கிருந்து சங்கத் தலைவர் சூரியபிரகாஷின் எலக்ட்ரிக்கல் கடைக்கு நடந்தாள். ரோட்டைக் கடந்ததுகூட நினைவில்லை.

"சிறப்பு விருந்தினருக்கு வெள்ளிக்கிழமைதாம்மா தோதுப்பட்டுச்சு" என்றார் அவர். "நீ சோதிச்சு வெச்சது போக இன்னும் பதினோரு வண்டி குறைஞ்சுது. ஷெட்டுல நீலப் பெயிண்ட் அடிச்சு ரெடியா இருந்துச்சு, டிராயர்ல இருந்த அட்டையத் தொங்கவிட்டு எடுத்தோம்."

"பெயிண்ட் அடிச்சா பிரேக் வந்துருமா சார்?"

"அந்தப் பொண்ணுக்கு சரியா ஓட்டத் தெரியல. அப்படித்தான் எழுதிக்கணும். அட்டைல இருக்கறது உன் கையெழுத்து. கிளறினா மொதல்ல உனக்குத்தான் பேஜார்."

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கோபத்தை இன்னும் ஏற்றியது.

"அந்த வண்டியெல்லாம் இன்னைக்கே திரும்ப வாங்கணும்."

"போட்டோ பேப்பர்ல வந்திருக்கு. இப்பப் போய்ப் புடுங்கினா சங்கத்துப் பேரு இன்னாவறது? ஞாயித்துக்கிழமை கமிட்டில பேசிக்கலாம்."

"நாளைக்குக் காலைல அதே இறக்கத்துல பத்து பொம்பளைங்க இறங்குவாங்க சார்."

அவர் வாடிக்கையாளர் பக்கம் திரும்பி பல்பு எடுத்துக் காட்ட ஆரம்பித்தார்.

தேவகி கடை வாசலிலேயே நின்று பன்னிரண்டு பேருக்கும் போன் செய்தாள். தான் செய்ததையும் மறைக்காமல் சொன்னாள். இரண்டு பேர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்கள், மூன்று பேர் வரமுடியாது என்றார்கள். ஏழு பேர் வந்தார்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரை மேட்டில் நின்றார்கள். ஜோசுவா ஒரு குட்டியானை சரக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். நீல சைக்கிளில் முதலில் வந்தவள் சௌந்தரம். நிறுத்தியதுமே சீறினாள்.

"குடுத்துட்டுப் புடுங்கறீங்களா? நாலு நாள்கூட ஆவல. எனக்கு பஸ் போய்டும், தள்ளு."

"பிரேக்கப் பிடிச்சுட்டுத் தள்ளிப் பாருங்கம்மா."

பிடித்தாள். பிரேக் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. சக்கரம் அதுபாட்டுக்கு உருண்டது. குனிந்து பார்த்தால் ரிம் பக்கத்தில் பிரேக் கட்டையே இல்லை.

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"என்னுதுதான். வண்டியப் பாக்காம முன்கூட்டியே போட்டு வெச்சது. தப்பு என்மேல."

"நேத்து என் பேத்திய இதுல வெச்சு ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்தேன், தெரியுமா?"

சௌந்தரம் அட்டையைப் பிய்த்து அவள் காலடியில் வீசினாள். சைக்கிளை அங்கேயே சாய்த்துவிட்டு இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். பின்னால் வந்தவர்களில் சிலர் திட்டினார்கள், சிலர் அழாத குறையாகக் கெஞ்சினார்கள். ஒவ்வொருத்தியிடமும் தேவகி அதையேதான் சொன்னாள். எட்டு மணிக்குப் பத்து சைக்கிளும் குட்டியானையில் ஏறின. விழுந்து வளைந்த பதினோராவதை முத்துமாரி வீட்டிலிருந்து எடுத்தார்கள். தேவகிக்கு அன்றைய நாள் கூலி போச்சு.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் சூரியபிரகாஷ் அவளை நிமிர்ந்து பார்க்காமலே ஆரம்பித்தார். "நீ பொறுப்புல இருந்து விலகிட்டா சங்கத்துக்கு நல்லது."

"விலகறேன் சார். ஆனா மினிட்ஸ் நோட்டுல ரெண்டையும் எழுதணும். நான் பாக்காம கையெழுத்துப் போட்டது, நீங்க பாக்காம எடுத்துக் குடுத்தது."

"ஆத்திரப்படாதம்மா."

"ஆத்திரம்தான். ஏன் படக்கூடாது? எழுதுங்க."

செயலாளர் பேனாவை வைத்துக்கொண்டு தலைவர் முகத்தைப் பார்த்தார். ஜோசுவா எழுந்தான். "எழுதற வரைக்கும் ஷெட்டுல யாரும் ஸ்பேனரத் தொட மாட்டோம் சார்." பின்னால் இருந்த தன்னார்வலர்களும் எழுந்து நின்றார்கள். கடைசியில் செயலாளர் எழுதினார். சூரியபிரகாஷ் கையெழுத்துப் போட்டார். தலைவர் நாற்காலியை மட்டும் விடவில்லை. தேவகியின் இடத்துக்கு ஜோசுவாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவள் மாதனூர் போனாள். முத்துமாரி இடது கையால் பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

"ஓட்டத் தெரியாம விழுந்துட்டேன்னு சூப்பர்வைசர் லைன் பூரா சொல்லிட்டிருக்கான். இத அவன் மூஞ்சிக்கு நேரா காட்டணும். நான் வெச்சுக்கறேன்."

"உனக்குத்தான் கொண்டாந்தேன்."

"உங்கமேலயும் கோவம்தான்கா எனக்கு."

"தெரியும்."

உட்காரச் சொல்லுவாள் என்று தேவகி கொஞ்ச நேரம் நின்றாள். முத்துமாரி சொல்லவில்லை. தாளை மடித்துக் கம்பெனிக்கு எடுத்துப்போகும் பையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.