அடெல்மோ மேசைக்கு வந்த சனிக்கிழமை

ஜனவரியில் அடெல்மோவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். அதன் கைப்பிடி என் உள்ளங்கையில் பதித்த சிவப்புக் கோடு மறுநாளும் மறையவில்லை. அதனால்தான், ஜூன் மாதத்து மழைச் சனிக்கிழமைப் பிற்பகலில், என் கணினித் திரையில், எனக்கு நேர் எதிர் இருக்கையில் அவன் பெயர் வந்து உட்கார்ந்தபோது, கையிலிருந்த மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவை சரிந்து வெந்நீர் மடியில் கொட்டியதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை.

கேரோகேரோ61. வயல்வெளியில் ஆளைக் கண்டால் கத்தித் தீர்க்கும் பறவையின் பெயர். பக்கத்தில் அவன் பிறந்த வருடம். ஆடும்போது ஒரு வார்த்தை பேசாதவன் தனக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டான். எங்கள் ஊரான பெலோத்தாஸில் நாங்கள் இருவரும் அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் போக்கர் ஆடத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம். நான் ஓய்வுபெற்ற தபால்காரன். திரையிலும் என் பெயர் அதுதான்.

பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ ஒரு திருடன் செத்தவன் கணக்கை உடைத்து உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். காது மடல் சூடாகிவிட்டது.

“யார் நீ?” என்று உரையாடல் பெட்டியில் தட்டினேன்.

பதில் இல்லை.

“அது என் நண்பனோட பேரு. எழுந்து போ.”

அந்தப் பெயர் நகரவில்லை. சரி, உன்னை உரித்து அனுப்புகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கால் மணி நேரத்தில் எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்தன. அதற்கு மேல் ஒரே ஒரு ஜோடிதான் உண்டு, ஏஸ் ஜோடி. நான் பந்தயத்தை ஏற்றினேன். மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். கேரோகேரோ மட்டும் அதே அளவு வைத்தது. நடுவில் மூன்று சீட்டுகள் விரிந்தன, எல்லாம் சின்னச் சீட்டு. மறுபடி ஏற்றினேன். அது சற்று யோசித்து, அதே அளவு வைத்தது. நான்காவது சீட்டிலும் அப்படியே.

ஐந்தாவது சீட்டு விழுந்தது. ஒரு ஜாக். இப்போது அதன் முறை. கடிகாரம் ஓடத் தொடங்கியது. பத்து நொடி. ஐந்து. இரண்டு. கடைசி நொடியில் தன் குவியல் மொத்தத்தையும் நடுவில் தள்ளியது.

திரைக்கு அருகே குனிந்தேன்.

அடெல்மோ அப்படித்தான் செய்வான். ஏஸ் ஜோடி வந்தால் ஒரு தடவைகூட ஏற்றமாட்டான், பின்னாலேயே வருவான். அவன் வீட்டுக்குப் போன நாட்களில் பார்த்திருக்கிறேன், கடைசியில் எழுந்து போய்க் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து, கடிகாரம் முடியும் நேரத்தில் மொத்தத்தையும் வைத்து அழுத்துவான். இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எந்தத் திருடனுக்கு இது தெரியும்?

என் குவியல் முழுவதையும் வைத்தால்தான் அவன் சீட்டைப் பார்க்க முடியும். அடெல்மோ இருந்த காலத்தில் யோசிக்காமல் வைத்திருப்பேன். “டேய் வால்மோர், நல்ல சீட்டு வந்தா அதைக் கல்யாணமே கட்டிக்கிறியேடா! தோக்குதுன்னு தெரிஞ்சா விடுடா. குவியல் இருந்தாத்தான் அடுத்த கை ஆட முடியும்” என்று அவன் என்னைக் கிண்டல் செய்யாத வாரமே கிடையாது.

ராஜாக்களைக் கீழே போட்டு அந்தக் கையிலிருந்து விலகினேன்.

எதிரே இருந்தவன் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் காட்டினான். இரண்டு ஏஸ்கள். அதற்கு அடியில் முதல் முறையாக எழுத்து வந்தது.

“ராஜா ஜோடிதானே? ஒருவழியா கீழ போடக் கத்துக்கிட்டாச்சு.”

நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தேன், எப்படிக் காரை எடுத்தேன் என்று நினைவில்லை. மழையில் அடெல்மோ வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். காவல் நிலையத்துக்கு முதலில் அவன் மனைவி மரினேஸை அழைத்துப் போக வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. அவர்கள் மகளுக்கு நான் ஞானத்தந்தை. அதனால் எங்கள் வழக்கப்படி மரினேஸுக்கு நான் கொம்பாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. ஆனால் அடக்கத்தன்று அவள் என் கையைத் தொடவில்லை. “இந்தச் சூதாட்டத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்ததே நீங்கதான்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள்.

கதவு திறந்தது. “இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்க கொம்பாத்ரே! பேன்ட்டெல்லாம் ஈரம்.”

அவளுக்குப் பின்னால் சமையலறை மேசையில் கணினி திறந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். “நீங்களா?”

“நான்தான்.”

“உங்களுக்கு இந்த ஆட்டமே பிடிக்காதே!”

“பிடிக்காது. ஆனா பன்னண்டு வருஷம் அவரு பின்னாடி நின்னு துணி தேச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டா தேச்சேன்?” என்றாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை, விழுந்தேன் என்பதுதான் சரி. “காப்பீட்டுக் காகிதம் தேடத்தான் இதைத் திறந்தேன். ஆட்டம் தானா வந்து நின்னுச்சு. ஒருத்தன் எழுதினான், ‘ஐயோ கேரோகேரோ வந்துட்டான், நான் கிளம்புறேன்’னு. தெருவுல பாக்குறவங்க எல்லாம் எனக்கு ஆறுதல் சொல்றாங்க. அங்க மட்டும் இன்னும் அவருக்குப் பயப்படுறாங்க, கொம்பாத்ரே.”

அது எனக்குப் புரிந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னேன். செத்தவர் கணக்கில் வேறொருவர் ஆடக்கூடாது. நாலு பேரை ஏமாற்றுவது போலத்தான் அது. அவர்கள் எதிரே யார் இருக்கிறார் என்று நினைத்து ஆடுகிறார்களோ, அவர் அங்கே இல்லை.

“தெரியும்” என்றாள். கணினியை என் பக்கம் திருப்பினாள். “அதனாலதான் இன்னைக்கு உங்க மேசைக்கு வந்தேன். யாராவது என்னைப் புடிக்கட்டும்னுதான்.”

இறப்புச் சான்றிதழை இணைத்து, கணக்கை மூடச் சொல்லி ஆட்டத் தளத்துக்கு நாங்கள் சேர்ந்தே கடிதம் அனுப்பினோம். மூடியாயிற்று என்று வியாழக்கிழமை பதில் வந்தது. அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தோம். அப்படி ஓர் ஆட்டக்காரர் இல்லை என்றது திரை. “அவ்வளவுதானா?” என்று மரினேஸ் கேட்டாள். அடக்கத்தன்று அழாதவள் அன்று அழுதாள்.

ஆகஸ்டில் தன் சொந்தப் பெயரில் ஒரு கணக்குத் திறந்தாள். முதல் நாளே இரண்டு ராணிகளை வைத்துக்கொண்டு பிடிவாதமாக மொத்தத்தையும் தள்ளி என்னிடம் தோற்றாள். உடனே உரையாடல் பெட்டியில் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். வயல்வெளிப் பறவை மாதிரி அரை மணி நேரம் ஓயவில்லை.