உள்பக்கம் திருப்பிய பனியன்

முத்துப்பேச்சி பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். பதினெட்டு வருஷத்தில் எந்த உருப்படியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அவள் பாஸ் போட்டதில்லை. வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகத் தைத்துவிடலாம், குட்டு உடைவது உள்பக்கத்தில்தான் என்பாள்.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்து, காணாமல் போனவர்களின் அறிவிப்பையும் அடையாளம் தெரியாத சடலங்களின் அறிவிப்பையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பாள். உனக்குச் சோறு எப்படி இறங்குது என்று கேலி செய்யாதவர்கள் இல்லை.

அவள் இதைத் தொடங்கியது ஜோதிகாவுக்காக. அதே கம்பெனியில் டைலர்களுக்குத் துணி மடித்துக்கொடுக்கும் கைமடி வேலை பார்க்கிற ஜோதிகாவின் கணவன் ஆரோக்கியராஜ், கெட்டிக்கார டைலர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராபுரத்தில் சிநேகிதனைப் பார்க்கப் போனவன் திரும்பவில்லை. எவளோடோ ஓடிவிட்டான் என்று அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஜோதிகா வாசல் பூட்டை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தாள். அவனிடம் ஒரு சாவி இருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் பக்கத்து மாவட்டத்தின் இரண்டு வருஷப் பழைய அறிவிப்பு ஒன்று முத்துப்பேச்சியின் கண்ணில் பட்டது. தாராபுரம் வழியாக ஓடும் அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்தபின் கரை ஒதுங்கிய ஆண் சடலம். முகம் தெரியவில்லை. பச்சை டி-சர்ட், ஜெர்மன் மொழி லேபிள். ஆகையால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. ரிஜெக்ட் ஆன எக்ஸ்போர்ட் பனியனைப் போடாதவன் திருப்பூரில் யார்? லேபிளை நம்பினால் இந்த ஊரில் பாதிப் பேர் ஜெர்மன்காரர்கள்தான்.

ஜோதிகாவிடம் விசாரித்தாள். பஸ்ஸில் திருட்டுக்குப் பயந்து, தன் பனியன், டி-சர்ட் எல்லாவற்றிலும் உள்பக்கமாக, இடது இடுப்போரம், மெரூன் துண்டுத் துணியில் ஒரு பை தைத்துக்கொள்வது அவன் வழக்கம் என்றாள் அவள்.

முத்துப்பேச்சி அறிவிப்பு கொடுத்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். ஏட்டு தனபால் சலித்துக்கொண்டார். துணிமணியெல்லாம் அப்போதே பார்த்து மூட்டை கட்டியாயிற்று என்றார்.

"உள்பக்கம் திருப்பிப் பாத்தியளா சார்?"

பார்த்துவிட்டுச் சொல்வதாக ஏட்டு போனை வைத்தார். அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் பழைய சலிப்பு இல்லை.

"ஏனுங்கம்மா, மெரூன் துணியில ஒரு பை இருக்குதுங்க. உள்ள ஒரு சாவி."

ஆரோக்கியராஜின் மகனிடம் ரத்தம் எடுத்து, டி.என்.ஏ. சோதனை செய்து, சட்டப்படி முடிவு வர நான்கு மாதமாயிற்று. ஜோதிகாவுக்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறே தனபால் சாவியோடு நேரில் வந்தார். லைன் வீடு மொத்தமும் வாசலில் கூடிவிட்டது, ஓடிவிட்டான் என்று சொன்ன வாய்கள் உட்பட.

ஜோதிகா தன் சாவியால் வீட்டைப் பூட்டினாள். துருப்பிடித்த அந்தச் சாவிக்குத் தேங்காயெண்ணெய் தடவி, பூட்டுக்குள் விட்டுத் திருகினாள். முதல் திருகலில் அசையவில்லை. இரண்டாவதில் பூட்டு திறந்துகொண்டது. முத்துப்பேச்சிக்குப் பெருமையும் அழுகையும் ஒன்றாய் முட்டிக்கொண்டு வந்தன.

ஜோதிகா கண்ணைத் துடைக்கவில்லை. நிமிர்ந்து, எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு எங்கயும் ஓடல. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாரு."