நோய் பார்க்கப் போன நோயாளி

பஸ்லினாவுக்கு வந்த நோய்க்குத் தமிழில் ஒரு பெயர் இல்லாமல் போனதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். கண்டியில் பார்த்த டொக்டர் அதை 'பேர்ன் அவுட்' என்றார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனம்தான் ஓயாமல் உழைத்து வெறுமையாகிக் கிடக்கிறது, இரண்டு வாரம் வேலைக்குப் போகாதீர்கள், அதிகம் பேசாதீர்கள், வீட்டிலும் யாருக்கும் எதுவும் செய்து கொடுக்காமல் சும்மா இருங்கள் என்று விளக்கமும் சொன்னார். நல்ல மனிதர். பஸ்லினாவின் ஊரான அக்குறணையில் ஒரு வீட்டிலும் கால் வைத்திராதவர் என்பது மட்டும் அந்தக் கடைசி ஆலோசனையில் தெரிந்தது.

சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று எதையாவது சொல்லியிருந்தால் குடும்பம் மரியாதையோடு ஏற்றுக்கொண்டிருக்கும். களைப்பை யார் மதிப்பார்கள்? களைப்பு இல்லாத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள்? அதற்கெல்லாம் டொக்டரிடம் போவதென்றால் ஊரில் சமையல் நடக்குமா?

பஸ்லினா கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையின் தொலைபேசிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தாள். மூன்று மொழிகளில் கவலைப்படுவது அவளுடைய தொழில். ரிப்போர்ட் வராதவர்கள், டொக்டர் வராமல் காத்துக்கிடந்தவர்கள், வந்த டொக்டர் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவளைத்தான் ஏசுவார்கள். அவள் தேன் தடவிய குரலில், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது, வேறு ஏதும் உதவி தேவையா?" என்பாள். அந்தக் குரலுக்காக நிர்வாகம் அவளுக்கு ஒரு கண்ணாடி விருதுகூடக் கொடுத்தது. சம்பளத்தைக் கூட்டுவதைவிடக் கண்ணாடி மலிவு.

ஒரு நாள் காலையில் ஒரு மனிதர் பேசினார். அன்றைக்கு மகனுக்குப் போட்டிருந்த அப்பொயின்ட்மென்டை ரத்துச் செய்ய வேண்டும், பிள்ளை நேற்று மவுத்தாகிவிட்டது, அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். பஸ்லினா ரத்துச் செய்தாள். செய்துவிட்டு, அதே தேன் குரலில், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது, வேறு ஏதும் உதவி தேவையா?" என்று கேட்டாள். அந்த மனிதர் தொலைபேசியை வைத்துவிட்டார். என்ன கேட்டோம் என்று அதன் பிறகுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியும் நெஞ்சில் ஒன்றும் நோகவில்லை. அவளைப் பயமுறுத்தியது அதுதான். அடுத்து மணி அடித்தபோது தொலைபேசியைத் தூக்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தூக்கம் வராததோ, சாப்பாடு பிடிக்காததோ அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இனி ஒருவருடைய வேதனையும் தன்னைத் தொடாதோ, தான் கல்லாகவே ஆகிவிட்டோமோ என்ற பயம்தான் அவளை அரித்தது. டொக்டரிடம் அவள் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான். ஓய்வெடுத்தால் திரும்பி வரும் என்றார் அவர்.

ஓய்வெடுக்கவா விட்டார்கள்? அவளுடைய கணவன் மர்சூக்குக்கு மாத்தளை வீதியில் டைல்ஸ் கடை. தங்கமான மனிதன், குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு கூடாது என்று நினைப்பவன். டொக்டரைப் பார்த்துவிட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் வாகனம் நின்ற நேரத்தில், 'வைஃபுக்குச் சுகமில்லை, எல்லாரும் துஆ செய்யவும்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். எந்தச் செய்தியையும் ஒழுங்காக வாசிக்காத குழு அது. இதை மட்டும் அத்தனை பேரும் வாசித்தார்கள்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது பெரிய நன்மை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பார்த்துவிட்டுச் சுருக்கமாக எழும்பிவிட வேண்டும் என்பதும் அதே வாயால் சொல்லித் தரப்பட்டதுதான். அந்தப் பாதி மட்டும் ஏனோ ஒருவருக்கும் மனதில் நிற்பதில்லை. மறுநாளே வந்து இறங்கினார்கள். ஒரு கையில் சத்துமா அடைத்த மோல்ட் டின், மறு கையில் திராட்சை, பின்னால் பிள்ளைகள். வந்தவர்களை வெறுமனே அனுப்ப முடியுமா? நோயாளி கட்டிலிலிருந்து எழும்பி, சால்வையைச் சரிசெய்துகொண்டு, குசினிக்குள் போய்க் கட்லட் பொரித்தாள். பால் தேத்தண்ணி ஊற்றினாள். ஒருவருக்குச் சீனி கூடுதலாக வேண்டும், ஒருவருக்குச் சீனியே ஆகாது. கொண்டுவந்து வைத்துவிட்டு, நோயாளிக்குரிய கதிரையில் நோயாளியைப் போல உட்கார வேண்டும். கொஞ்சம் முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தால், இவளுக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போகக் கள்ளம் என்பார்கள். வாடிப்போய் இருந்தால் கண்ணூறு என்று சொல்லி, ஓதிப் பார்க்க இன்னொருவரை அனுப்புவார்கள்.

எல்லாரிடமும் மருந்து இருந்தது. கருஞ்சீரகம், தேன், ஒலிவ் எண்ணெய், மக்காவுக்கு ஒரு உம்ரா, இன்னொரு பிள்ளை. மர்சூக்குக்குச் சின்னம்மா முறையான றலியா சாச்சி இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அக்குறணை தொடங்கித் திகன வரைக்கும் யாருக்குச் சளி பிடித்தாலும் வான் பிடித்துப் போய்ப் பார்ப்பவர். அவர் தன் தாடையில் கைவைத்து பஸ்லினாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு என்ன மகள், நல்லாத்தானே ஈக்கி. எனக்கும் இப்பிடி வாரதான். எழும்பி ரெண்டு வேல செஞ்சா பெய்த்திடும்."

சொல்லிவிட்டு, தன் முழங்கால், தன் மருமகள், மருமகளின் உம்மா என்று வரிசையாக எடுத்துப் பேசினார். மூன்று கட்லட் உள்ளே போனது. பஸ்லினா தலையாட்டிக்கொண்டிருந்தாள். வைத்தியசாலையில் செய்வதும் இதேதான், அங்கே பொரிக்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். எழும்பிப் போகும்போது சாச்சியின் முகம் பெருநாள் காலை போல மலர்ந்திருந்தது.

"ஒங்கட வீட்ட வந்து கொஞ்சம் குந்தினா எனக்கு எவ்ளவு சொகம் தெரியுமா, மகள்?"

வாசலில் நின்று கையசைத்த பஸ்லினாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அட, உண்மைதானே! வந்தவர்கள் எல்லாரும் சுகமாகித்தானே போகிறார்கள்? மெத்தைக் கதிரையில் சாய்கிறார்கள், கையில் தேத்தண்ணி கிடைக்கிறது, மனதில் கிடப்பதைக் கொட்ட ஓர் ஆள் கிடைக்கிறது, சமைக்க வேண்டியதில்லை. டொக்டர் தனக்கு எழுதிக் கொடுத்த ஓய்வைத் தன் வீட்டில் எல்லாரும் எடுக்கிறார்கள், தன்னைத் தவிர.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் அபாயாவைப் போட்டுக்கொண்டு, வந்து குவிந்திருந்த மோல்ட் டின்களில் ஒன்றைப் பையில் வைத்தாள். எங்கே என்று கேட்டான் மர்சூக். கீழ்த் தெருவில் ஒரு மாமிக்குக் கண் ஒப்பரேஷன், பார்க்கப் போகிறேன் என்றாள். நோயாளியே நோய் பார்க்கப் போவதாவது என்று அவன் முழித்தான்.

"நோயாளி போகக் கூடாண்டு எங்க சென்ன ஈக்கி?" என்று கேட்டாள். மர்சூக் யோசித்துப் பார்த்தான். எங்கேயும் சொல்லியிருப்பதாக அவனுக்கு ஞாபகம் வரவில்லை. நன்மையைத் தடுத்த பாவம் தனக்கெதற்கு என்று வாகனத்தின் சாவியையும் எடுத்துக் கொடுத்தான்.

அதன் பிறகு பஸ்லினாவை வீட்டில் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. அவளைப் பார்க்க வந்தவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். அவளோ அக்குறணையில் ஒரு நெஞ்சுவலி, கட்டுகஸ்தோட்டையில் ஒரு குடலிறக்கம் என்று சுற்றிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டில் ரோல்ஸ் சூடாக வரும், எந்த வீட்டில் கிரீம் கிராக்கர்தான் என்பது அவளுக்குக் கைவந்த பாடமாயிற்று. பேச வேண்டியதேயில்லை. "அல்லா லேசாக்குவான்" என்று இடையிடையே சொன்னால் போதும், மிச்சத்தை நோயாளி பார்த்துக்கொள்வார். ஒரு வீட்டில் சாய்ந்திருந்தவள் அப்படியே தூங்கியும் போனாள். எழுப்பாமல் தலையணை வைத்தார்கள். இராத்திரியில் தூக்கம் வந்தது, கன்னத்தில் சதை போட்டது. மர்சூக் வாட்ஸ்அப்பில் எல்லாருடைய துஆவுக்கும் நன்றி போட்டான்.

ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. கண் கட்டியிருந்த மாமி தன் கஷ்டத்தைச் சொல்லி அழுதபோதும் பஸ்லினாவின் நெஞ்சு சும்மாதான் இருந்தது. எண்ணெய் வடிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு, அல்லா லேசாக்குவான் என்றாள். லீவு முடிய இன்னும் ஒரே ஒரு வார இறுதிதான் இருந்தது. நன்றாகத் தின்று நன்றாகத் தூங்குகிற கல்லாகத்தான் அவள் திரும்பி வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை திகனவுக்குப் போனாள். மர்சூக்கின் பெரியவாப்பா மகனுடைய மனைவி ரபீகாவின் வீடு. ரபீகாவின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, முன் ஹோலில் கட்டில் போட்டுக் கிடந்தார். கிடந்தார் என்பது சரியில்லை, வீற்றிருந்தார். சுற்றிலும் கதிரைகள், கதிரை நிறைய ஆட்கள். விழுந்த கதையை ஒவ்வொரு புது ஆளுக்கும் முதலிலிருந்து சொன்னார். ஆள் மாற மாற வழுக்கிய தூரம் கூடிக்கொண்டே போனது.

ரபீகா தட்டத்தோடு வந்தாள். "சீனி போதுமா, மச்சி?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். பஸ்லினா போதும் என்றாள். பிறகுதான் அந்தக் குரல் காதில் உறைத்தது. தேன் தடவிய குரல். கண்ணாடி விருது கொடுக்கத்தக்க குரல். முதல் தேத்தண்ணி முடிந்து கேட்காமலே இரண்டாவதும் வந்தபோது, அதே கேள்வி, அதே சிரிப்பு, ஓர் இழைகூட மாறாமல்.

ரோல்ஸ் தின்ற கையைக் கழுவ பஸ்லினா குசினிக்குப் போனாள். ரபீகா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். பால் பொங்கி, சட்டியை விட்டு வழிந்து, அடுப்பில் சுர்ரென்று கருகிக்கொண்டிருந்தது. ரபீகா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். கை நீளவில்லை. பஸ்லினா போய் காஸை மூடினாள். சத்தம் நின்றதும் ரபீகா திடுக்கிட்டுத் திரும்பி, உடனே சிரித்தாள்.

"இந்தா வந்திட்டேன் மச்சி. இன்னம் ஒரு தேத்தண்ணி ஊத்தட்டா?"

உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது என்ற வசனம் பஸ்லினாவின் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை. தொட்டி நிறையக் கழுவாத கோப்பைகள் கிடந்தன. அவற்றில் இரண்டு அவளுடையவை. இத்தனை நாளும் தான் சாய்ந்து சுகமாகிய ஒவ்வொரு ஹோலுக்கும் பின்னால் இப்படி ஒரு குசினி இருந்திருக்கிறது, அதில் ஒருத்தி நின்றிருக்கிறாள். ரோல்ஸ் என்ன தானாகவா பொரிந்து வந்தது? வெட்கம் முதலில் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்தது போல ஒரு நோவு வந்தது. மகனின் அப்பொயின்ட்மென்டை ரத்துச் செய்யச் சொன்ன அந்த மனிதரின் குரலும் சேர்ந்து வந்தது. யா அல்லாஹ், நோகிறது. நோகிறதே என்று அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"நீங்க எப்ப மச்சி தேத்தண்ணி குடிச்ச?"

ரபீகா கருகிய பாலைத் துடைக்கத் துணியை எடுத்தாள். "விடிய ஊத்தின. குடிச்சேனாண்டு ஞாபகமில்ல" என்றாள். பஸ்லினா அவளை ஸ்டூலில் உட்காரவைத்தாள். உட்கார்ந்ததும் ரபீகாவின் கால்கள் நடுங்கத் தொடங்கின.

வாசலில் வான் வந்து நின்றது. போய்க் கதவைத் திறந்தால் றலியா சாச்சி, கையில் மோல்ட் டின்னோடு. ஹோல் கட்டிலைப் பார்த்துத் திரும்பியவரின் கையைப் பிடித்தாள் பஸ்லினா. நோயாளி உள்ளே இருக்கிறார் என்று சொல்லி, ஹோலைத் தாண்டி நேரே குசினிக்குக் கூட்டிப்போனாள். சாச்சி ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்தார்.

"யாரு, ரபீகாவா? இவளுக்கு என்ன, நல்லாத்தானே ஈக்கி."

"என்னயும் பாத்து அப்பிடித்தான் சென்னீங்க, சாச்சி" என்றாள் பஸ்லினா. "தேத்தண்ணிக்குத் தண்ணி வைங்க. நான் கோப்பைகளக் கழுவுறேன்."

சாச்சி குசினியைச் சுற்றிப் பார்த்தார். எத்தனையோ வருடமாக நோய் பார்க்கப் போகிறவர், ஒரு வீட்டிலும் ஹோலைத் தாண்டி வந்ததில்லை. கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் பஸ்லினா நினைத்தாள். அவர் ரபீகாவின் கால்களைப் பார்த்தார். மோல்ட் டின்னை வைத்தார். அபாயாவின் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டு, தேயிலை எங்கே என்று கேட்டார்.

ஹோலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எங்கே என்றது. ரபீகா பதறி எழும்பப் போனாள். சாச்சி அவளுடைய தோளை அமர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்க, இங்க நோயாளிக்குக் குடுக்கிய" என்று ஹோலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுக் கோப்பையை ரபீகாவின் கையில் கொடுத்தார்.

"சீனி போதுமா, மகள்?"

ரபீகா ஒரு வாய் குடித்தாள். வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. கோப்பையைப் பார்த்தாள், சாச்சியைப் பார்த்தாள், தொட்டியில் கைவிட்டபடி அழுதுகொண்டிருந்த பஸ்லினாவைப் பார்த்தாள்.

"போதா" என்றாள். "இன்னம் ரெண்டு கரண்டி போடுங்க."